தோல்வாரும் உள்தோலும்

நுழையும்முன்

பழுதுபட்ட பொருளைத் தூக்கி எறிவது எளிது. அதைப் பிரித்துப் பார்த்து, பழுதின் காரணம் அறிந்து, மீண்டும் பயன்படச் செய்வதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். தோலால் ஆன பழைய இடைவார் ஒன்றைச் செப்பனிட்டு, அதற்குப் புதிய உள்தோல் இடும் முறையைப் புதுச்சேரி நகரின் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்றரை அங்குல அகலமுள்ள வாருக்குள் வேதியியலும் கணக்கும் கைத்தொழிலும் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன என்பதைக் காண்போம்.

சொல்தா வீட்டுப் பெட்டி

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்று அழைப்பர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே தமிழ் நாவில் அவ்வாறு நிலைத்தது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணிபுரிந்து திரும்பியவர்கள் அவர்களுள் உண்டு. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. எனினும் ஜூலை 14 வந்தால் பதக்கங்களை மார்பில் அணிந்த முதியவர்களைக் கடற்கரைச் சாலையின் போர்வீரர் நினைவுச் சின்னத்தருகே இன்றும் காணலாம்.

இத்தகைய குடும்பமொன்றின் மரப்பெட்டியில் பதக்கங்களோடும் ஓய்வூதியத் தாள்களோடும் தாத்தாவின் தோல் இடைவார் ஒன்று சுருண்டு கிடப்பதாகக் கொள்வோம். பேரன் அதை அணிய விரும்புகிறான். வாரோ விறைத்துப் போயிருக்கிறது. பக்கிள் பொருந்தும் மடிப்பில் வெடித்திருக்கிறது. உட்புறம் செதில் செதிலாக உதிர்கிறது. அதைச் செப்பனிட முடியுமா? முடியுமெனில் செப்பனிடத்தான் வேண்டுமா? இவ்விரு வினாக்களும் வேறு வேறானவை. இரண்டிற்கும் விடை, அந்தத் தோல் எப்படிப்பட்டது என்பதை அறிவதிலிருந்தே தொடங்குகிறது.

துவர்ப்பின் வேலை

விலங்கின் பச்சைத்தோல் ஓரிரு நாளில் அழுகிவிடும். அதனை அழுகாத பொருளாக மாற்றுவதே பதனிடுதல். கடுக்காயைக் கடித்தால் நாக்கு சுருங்குவதுபோல் தோன்றுகிறதன்றோ? அதற்குக் காரணமான துவர்ப்புப் பொருள் புரதத்தோடு பிணைந்துகொள்ளும் இயல்புடையது. நாக்கில் எச்சிலின் புரதத்தோடு பிணைகிறது. பதனிடும் தொட்டியில் தோலின் இழைகளோடு பிணைகிறது. அவ்வாறு பிணைந்தபின் நுண்ணுயிரிகளால் அவ்விழைகளை எளிதில் சிதைக்க இயலாது.

தமிழகத்தில் இதற்குப் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். வறண்ட நிலத்தில் மஞ்சள் பூவோடு தானே வளரும் ஆவாரையின் பட்டை, திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் முதலிய ஊர்களின் தோல் தொழிலுக்கு அடிப்படையாக இருந்தது. இவ்வாறு பதனிட்ட தோல் ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டனுக்குச் சென்றது. அங்கே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரால் அறியப்பட்டது. அப்பெயரே பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிற்காலத்தில் சீகைமரப் பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது.

குரோமிய உப்பால் பதனிடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் உருவாயிற்று. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். பட்டைமுறையில் வாரக்கணக்கில் நடைபெறும் வேலை இதில் சில நாள்களில் முடிந்துவிடும். தோலும் மென்மையாக, வெப்பத்தைத் தாங்குவதாக அமையும். இன்று உலகில் விற்கப்படும் தோற்பொருள்களில் பெரும்பாலானவை இம்முறையில் பதனிட்டவையே. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் செல்வமும், பாலாற்றங்கரை நிலத்தடி நீருக்கு நேர்ந்த கேடும் இத்தொழிலின் வரலாற்றில் சேர்ந்தே எழுதப்பட வேண்டியவை.

தெரிந்து தெளிவோம்

கடுக்காய் நீரில் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பைக் கலந்தால் கறுப்பு மை கிடைக்கும். முற்காலத்தில் எழுதுவதற்கு அம்மை பயன்பட்டது. இதே வினை இடைவாரிலும் நிகழ்கிறது. பட்டைமுறையில் பதனிட்ட தோலின்மீது துருப்பிடித்த இரும்புப் பக்கிள் ஈரத்தோடு படிந்தால் அவ்விடம் மைபோல் கறுக்கும். ஆகவே பக்கிளைச் சுற்றியுள்ள கறுப்புத் திட்டு அழுக்கன்று. அந்த வார் எம்முறையில் பதனிடப்பட்டது என்பதற்கான சான்று. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது.

புதுச்சேரிக்கும் பட்டைமுறைத் தோலுக்கும் அண்மைக் காலத்தில் ஓர் உறவு ஏற்பட்டது. 1978இல் திலீப் கபூர் மிகச் சிறிய பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம், உலகமே குரோமியத் தோலை நாடியிருந்த காலத்தில் தாவரப் பொருளால் பதனிட்ட தோலையே தன் அடையாளமாக்கிக்கொண்டு வெளிநாட்டுச் சந்தைகளில் இடம்பெற்றது. பழைய முறை வேகமற்றது என்பது உண்மை. ஆனால் அத்தோலின் விளிம்பைத் தேய்த்து மெருகேற்றலாம். நனைத்து வடிவம் கொடுக்கலாம். பல ஆண்டு கழித்துப் பிரித்து மீண்டும் தைக்கலாம். செப்பனிடுபவரின் கைக்கு இணங்கும் தோல் அதுவே.

எது உயிருள்ள தோல்?

மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் குறைந்த விலைக்கு இடைவார்கள் குவிந்து கிடக்கும். எல்லாம் பார்வைக்குத் தோலாகவே தெரியும். வெட்டு விளிம்பை உற்று நோக்குங்கள். உண்மைத் தோலின் விளிம்பில் இழைகள் பின்னிக் கிடப்பது தெரியும். மேற்பரப்பை நோக்கிச் செல்லச் செல்ல அப்பின்னல் நெருக்கமாகும். தோல் துணுக்குகளை அரைத்துப் பசையோடு சேர்த்துத் தகடாக்கி, மேலே பாலியூரித்தேன் பூச்சு ஏற்றிய வாரிலோ அவ்வாறு இழையோட்டம் இராது. அது அட்டையைப்போல் அடுக்கடுக்காகப் பிரியும். அதன்மேல் இட்ட தையலும் நிற்காது. அதற்கு உழைப்பைச் செலவிடுவது வீண். பக்கிளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுவதே அறிவுடைமை.

உண்மைத் தோலிலும் காப்பாற்றக் கூடியதும் கூடாததும் உண்டு. வாரை மெல்ல வளைத்துப் பார்க்கவேண்டும். மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் தோன்றி, விட்டதும் மறைந்தால் தோல் வறண்டிருக்கிறது என்பது பொருள், அது மீளும். கோடு வெடிப்பாக விரிந்து உள்ளிழை தெரிந்தால் அவ்விடத்தில் வலுவூட்ட வேண்டும். விரலால் தேய்த்தவுடன் செந்நிறத் தூள் உதிர்ந்தால் இழைகளே சிதைந்துவிட்டன. பட்டைமுறைத் தோல் மிகப் பழையதாகி, காற்றிலுள்ள கந்தக அமிலத்தன்மையைப் பல்லாண்டு உள்வாங்கியபின் இந்நிலையை அடையும். எந்த எண்ணெயும் அதனை மீட்பதில்லை. எண்ணெயிட்டால் தூள் சேறாகும், அவ்வளவே.

சொல்தாவின் வார் இந்த மூன்றாம் நிலையில் இருக்குமானால், அதனை அணியும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மடிக்காமல் வைக்கலாம். பக்கிள் உறுதியாக இருந்தால் அதனைப் புதிய வாரில் பொருத்தி அணியலாம் என்று சிலர் கருதுவர். தாத்தாவின் பெயரோ படைப்பிரிவு எண்ணோ பொறித்த வாராயின், பக்கிளையும் அதிலிருந்து பிரிக்காதிருப்பது நல்லது. ஆவணமாக நிற்க வேண்டியதை அணிகலனாக்கினால் இரண்டுமாக நிலைக்காது. முதலிரு நிலைகளில் இருந்தால் தயங்க வேண்டியதில்லை, செப்பனிடலாம்.

உள்தோல் எதற்கு?

இடைவாரின் வெளிப்புறத் தடித்த தோலை மேல்வார் என்றும், உடலை ஒட்டி உட்புறத்தில் அமையும் மெல்லிய தோலை உள்தோல் என்றும் கூறலாம். கடைக்காரர் உள்தோலை லைனிங் என்பர். படையினருக்கான பழைய வார்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடிப்புத் தோலால் ஆனவை. அவற்றிற்கு உள்தோல் இராது. நகர உடைக்குரிய வார்களில் அது இருக்கும்.

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமே. வியர்வையின் உப்பும் ஈரமும் வாரின் உட்புறத்தையே முதலில் தாக்குகின்றன. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி இழைகளுக்கிடையே தங்கும். தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையும் குறையும். உள்தோல் இத்தாக்குதலைத் தான் ஏற்று மேல்வாரைக் காக்கிறது. அது கெடுவதற்கென்றே இடப்பட்டது. ஆகவே, உள்தோல் கிழிந்த வாரைக் கண்டு வார் கெட்டது என்று முடிவுசெய்வது, காலணியின் அடிப்பாகம் தேய்ந்ததற்குக் காலணி முழுவதையும் எறிவதற்கு ஒப்பாகும்.

இதிலிருந்து செப்பனிடுவோர்க்குரிய ஒரு விதி பிறக்கிறது. புதிதாக இடும் உள்தோல் மேல்வாரைவிட வலியதாக இருத்தல் ஆகாது. மீண்டும் பிரித்தெடுக்க இயலாத பசையால் அதனை ஒட்டுதலும் ஆகாது. வலிய செயற்கைத் தகட்டை இறுகும் பசைகொண்டு ஒட்டினால், வளையும்போதெல்லாம் மெலிந்த பழைய தோலே கிழியும். பழுதுபார்த்த இடம் உறுதியாக நிற்க, அதன் அருகே மூலத்தோல் பிளந்திருப்பதைப் பல பழைய பொருள்களில் காணலாம். ஒரு மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள, பட்டைமுறையில் பதனிட்ட ஆட்டுத்தோலோ மெல்லிய மாட்டுத்தோலோ உள்தோலுக்கு ஏற்றது.

ஒன்றேகால் சென்டிமீட்டர்

உள்தோலை எவ்வளவு நீளம் வெட்டுவது? மேல்வாரின் நீளமே என்று உடனே தோன்றும். அங்கேதான் கணக்கு குறுக்கிடுகிறது.

வார் மேசைமீது நேராகக் கிடக்கும் பொருளன்று. இடுப்பைச் சுற்றி வளைந்து நிற்கும் பொருள். மேல்வார் 3 மில்லிமீட்டர், உள்தோல் 1 மில்லிமீட்டர் தடிப்புடையன என்க. இரண்டின் நடுக்கோடுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் தொலைவு இருக்கும். வளைந்த நிலையில் வெளிவட்டத்தின் ஆரம் உள்வட்டத்தின் ஆரத்தைவிட 2 மில்லிமீட்டர் மிகும். வட்டத்தின் சுற்றளவு ஆரத்தின் 2π மடங்கு. ஆகவே இரு சுற்றளவுகளின் வேறுபாடு 2 × 3.14 × 2 = 12.56 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர். இடுப்பு 70 சென்டிமீட்டராயினும் 110 சென்டிமீட்டராயினும் இவ்வேறுபாடு மாறாது என்பது இதில் வியப்பூட்டும் செய்தி. தடிப்பு மட்டுமே அதனைத் தீர்மானிக்கிறது.

நேராகக் கிடத்தி ஒட்டிய உள்தோலில், வாரை அணிந்தவுடன் இந்த ஒன்றேகால் சென்டிமீட்டர் மிகுதியாகி நிற்கும். போக்கிடமின்றி அது சுருக்கம் சுருக்கமாகப் புடைக்கும். புடைத்த இடத்தில் வியர்வை தேங்கும், பசை விடும். சில மாதங்களிலேயே பிரிந்துவிடும் மலிவு வார்களின் குறைகளுள் இது முதன்மையானது. கைதேர்ந்த தோல் தொழிலாளர் இக்கணக்கைத் தாளில் போடுவதில்லை. ஒரு முனையை ஒட்டி, வாரை முழங்கால் மீதோ உருண்டைக் கட்டைமீதோ வளைத்துப் பிடித்து, வளைந்த நிலையிலேயே சிறிது சிறிதாக உள்தோலை அழுத்திக்கொண்டு போவர். முடிவில் மிஞ்சுவதை வெட்டுவர். கணக்கு கைப்பழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

செப்பனிடும் முறை

முதலில் பக்கிளையும் வளையத்தையும் கழற்றி, பழைய தையலின் நூலைக் கூர்முனையால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க வேண்டும். இழுத்துப் பறித்தால் துளைகள் கிழியும். அத்துளைகள் மீண்டும் தேவைப்படுவன. பழைய உள்தோலை ஒரு முனையிலிருந்து மெல்ல உரித்தபின், மேல்வாரில் தங்கிய பசையைத் தேய்த்தகற்ற வேண்டும். பூஞ்சணம் இருந்தால் வீட்டிற்கு வெளியே உலர்ந்த தூரிகையால் துடைப்பது நலம். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதும், விறைப்பு நீங்க வெயிலில் காயவைப்பதும் பெருந்தவறு. நனைந்து வேகமாக உலரும் தோல் முன்னிலும் விறைக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் தோற்பொருள் எதுவாயினும் தேங்காயெண்ணெயைத் தடவும் வழக்கம் உண்டு. சிறிது எண்ணெய் இழைகளை இளக்கும் என்பது மெய்யே. மிகுதியானால் தோல் தளர்ந்து நீளும், பூஞ்சணத்திற்கு இரையாகும், எண்ணெய் ஊறிய பரப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. ஆகவே வாரின் வெளிப்புறத்தில் மட்டும், துணியில் தொட்ட சில துளி விளக்கெண்ணெயைப் பரவத் தேய்த்து ஒருநாள் விட்டுவைத்தல் போதும். ஒட்ட வேண்டிய உட்புறத்தில் எண்ணெய் படக்கூடாது.

வெடித்த இடத்திற்கு, மேல்வாருக்கும் உள்தோலுக்கும் இடையே நீளாத இயல்புள்ள மெல்லிய நாடா ஒன்றை ஒட்டலாம். இழுவிசையை நாடா ஏற்பதால் வெடிப்பு மேலும் விரியாது. பக்கிள் மடிப்பில் வேறொரு நுணுக்கம் உண்டு. அங்கே வார் இரண்டாக மடிவதால் தடிப்பு இருமடங்காகும். உள்தோலையும் சேர்த்து மடித்தால் வளையாது, வளைத்தால் வெடிக்கும். எனவே மடிப்புக்குச் சற்று முன்பே உள்தோலின் முனையைக் கத்தியால் சாய்வாகச் சீவி, தடிப்பு படிப்படியாகக் குறைந்து இல்லையாகும்படி செய்வர். தோல் தைப்பவரின் திறத்தைச் சீவிய அந்த முனையில் விரல் வைத்தே அறியலாம், மேடு தட்டாது.

இரு பரப்பிலும் ரப்பர் பசையை மெல்லிதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட வேண்டும். உலருமுன் அவசரப்பட்டு ஒட்டினால் பசைக்குள் சிக்கிய கரைப்பான் வெளியேற வழியின்றிக் குமிழாகும். அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது. காற்றோட்டமுள்ள இடத்தில்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும். பிறகு முன்னர்க் கூறியவாறு வளைத்து ஒட்டி, சுத்தியலால் மென்மையாகத் தட்ட வேண்டும். உள்தோலை வாரின் அகலத்தைவிடச் சற்று அகலமாகவே வெட்டி ஒட்டியபின் விளிம்பைச் சேர்த்து நறுக்குவதே முறை.

தையல்தான் இவ்வேலையின் நெஞ்சு. பசை இருபரப்பையும் தையலிடும்வரை பிடித்துக்கொள்வதற்கே. பழைய துளைகளின் வழியாகக் குத்தூசியை உள்தோலுக்கும் செலுத்தி, அதே துளைகளில் தைக்க வேண்டும். புதிய துளைகளை இடையிடையே போட்டால் அஞ்சல்தலைத் தாளில் கிழிப்பதற்காக இட்ட துளைவரிசைபோல் வார் அக்கோட்டில் கிழியும். தைக்கும் நீளத்தின் நான்கு மடங்கு நூலை எடுத்து, தேன்மெழுகில் இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் செலுத்துவர். பொறித்தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துக் கண்களும் தளர்ந்து அவிழத் தொடங்கும். இரட்டை ஊசித் தையலில் ஒருநூல் அறுந்தாலும் மற்றது அதே துளைகளில் பிடித்துக்கொண்டிருக்கும். பொறி நான்கு நிமிடத்தில் முடிப்பதைக் கை அரைநாளில் முடிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எஞ்சியது விளிம்பு. கூர்முனைகளைச் சீவி, சிறிது நீர் தொட்டு, வழவழப்பான மரத்துண்டால் விரைந்து தேய்த்தால் பட்டைமுறைத் தோலின் இழைகள் படிந்து பளபளக்கும். குரோமியத் தோல் இதற்கு இணங்காது. அதற்கு வண்ணப்பூச்சே வழி.

துன்னர்

துன்னுதல் என்றால் தைத்தல். புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவுக்கு ஓர் உவமை தேடுகிறார். ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழைபெய்யும் மாலை, கதிரவன் மறையப் போகிறது. அந்நிலையில் தோல்வாரால் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையும்! மன்னனின் வீரத்தை அளக்க அவ்வூசியே அளவுகோலாகிறது. ஆயினும் அத்தொழிலாளியைச் சுட்டுவதற்கு அப்பாட்டில் அமைந்த சொல் இழிவுப் பொருள் தருவது. கைத்திறனைப் போற்றிய வாயே கைக்குரியவரைத் தாழ்த்தியது. தோலை அணிந்த சமூகம் தோலைத் தைத்தவரை விலக்கி வைத்த வரலாறு மிக நீண்டது. சாலையோரம் குடையின்கீழ் அமர்ந்து நம் செருப்பைத் தைப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும்போது அதன் எச்சம் வெளிப்படுகிறது. மேலே விளக்கிய வேலையை முழுமையாகச் செய்ய ஒரு பகல் ஆகும் என்பதை நினைவிற்கொண்டு கூலியைப் பேசுதல் வேண்டும்.

செப்பனிட்ட வாரை நாள்தோறும் அணியாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்தால் உட்புற ஈரம் உலர்வதற்கு நேரம் கிடைக்கும். கழற்றியதும் சுருட்டிப் பெட்டியில் அடைக்காமல் பக்கிளைக் கொக்கியில் மாட்டி நேராகத் தொங்கவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் மூடிய அலமாரியும் நெகிழிப் பையும் ஆகா. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, பக்கிளின் அடியில் ஈரம் தங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மையாகும் வினை அங்கேதான் தொடங்குகிறது.